ஊரில் பெற்றோருக்குப் பராமரிப்பாளரை அமர்த்துவோரின் சட்டப் பொறுப்புகள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ வந்து, வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்திவிட்டுத் திரும்பும் பிள்ளைகள், இலங்கைச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு மிகக் குறைந்த பாதுகாப்பையே தருகிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். முதலாளியும் ஊழியரும் மாதந்தோறும் பணம் செலுத்தும் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியம், தனியார் வீட்டில் வேலை செய்பவருக்குக் கட்டாயமில்லை; நீண்டகாலம் உழைத்தவர் விலகும்போது தொகை கொடுக்கச் சொல்லும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் வீட்டுப் பணியாளரை விலக்கியே வைத்துள்ளன. எனினும் பிற தொழிலாளருக்கு 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய் குறைந்தபட்ச வேதனமாக இருக்கையில், இரவும் பகலும் கூடவே தங்கும் ஒருவருக்கு அதற்குக் குறைவாகக் கொடுப்பது, சட்டம் கேட்காவிட்டாலும், நியாயமாகாது.

ஆகவே எழுத்திலான ஒப்பந்தமே இரு தரப்புக்கும் காவல். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனா, ஊரில் மேற்பார்வை செய்யும் சித்தியா, யார் முதலாளி என்பதை அதில் பெயரிட்டுக் குறிப்பிடுங்கள். பிணக்கு வந்தால் முதலில் எழும் கேள்வி அதுவே. வேலை நேரம், இரவு விழிப்பு, வாராந்த ஓய்வு நாள், நோய் விடுப்பு, சாப்பாடு, தங்குமிடம், விலகவோ விலக்கவோ எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பவற்றைத் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று அவர் கேட்கக்கூடும் என்பதால், அந்நாட்களுக்கு மாற்று ஆளையும் இப்போதே பேசி வையுங்கள். சம்பளத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே இடுவது நல்லது. சேமலாப நிதியம் இல்லாத குறைக்கு ஈடாக, மாதந்தோறும் ஒரு தொகையை அவர் பெயரில் சேமிப்பில் போடலாம்.

ஆளைத் தெரிவு செய்கையில் தேசிய அடையாள அட்டையின் பிரதியையும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றையும் பெற்றுக்கொள்ளுங்கள். மூல அட்டையை வாங்கி வைக்க வேண்டாம். கடனை அடைத்து முடிக்கும்வரை போகக்கூடாது என்று ஒருவரை வேலையில் பிடித்து வைப்பது, 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்க் குற்றமாகும். நுண்கடன் சுமையோடு வரும் பெண்கள் இம்மாவட்டங்களில் அதிகம் என்பதால் முற்பணம் கொடுப்போர் இதை மறக்கக் கூடாது. தொழிலுக்கான குறைந்தபட்ச வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆனாலும் நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலைக்குப் பதினெட்டு நிரம்பாத எவரையும் எடுக்கவே வேண்டாம்.

ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல் போன்றவை தாதியின் வேலை. அவற்றுக்குப் போதனா வைத்தியசாலையையோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையையோ நாடுங்கள். வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளரைக் கூட்டி வருவோர், சுற்றுலா விசாவில் வருபவர் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டும்.