கொரியன் பார்பிக்யூ கடையில் முழிக்காமல் சாப்பிடுவது எப்படி

வேலூரில் பிரியாணிக் கடையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும், கால் மணி நேரத்தில் கை கழுவிவிட்டு எழுந்துவிடலாம். அதே அவசரத்தோடு கொரியன் பார்பிக்யூ கடைக்குப் போனால் சொதப்பும், நான் சொதப்பியிருக்கிறேன். நமக்குக் கிட்டே என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான், சென்னை ரோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ வந்த காலம் தொட்டு அந்தப் பக்கம் கொரியாக்காரர்கள் நடமாட்டம் உண்டு, சாப்பாட்டுக் கடைகளும் அவர்களை நம்பி வந்தவைதான்.

தனியாகப் போகாதீர்கள். மேஜை நடுவில் அடுப்பு இருக்கும், கறியை நாமே சுட்டுச் சாப்பிட வேண்டும், பல கடைகளில் ஒரே கறியில் குறைந்தது இரண்டு பங்காவது சொல்லச் சொல்வார்கள். மூன்று நான்கு பேர் என்றால் சரியாக இருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஹலால் பார்த்துச் சாப்பிடுகிற மேல்விஷாரம் நண்பன் ஒருவன் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்கியோப்சல் என்றால் பன்றியின் வயிற்றுப் பகுதி. கால்பி என்றால் விலா, அது மாடாகவும் இருக்கும், பன்றியாகவும் இருக்கும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எல்லாமே ஒரே தட்டில் வேகும் என்பதால், ஹலாலா இல்லையா என்பதைக் கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேட்பது நல்லது. சைவக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் கிம்ச்சி என்ற கார ஊறுகாயைக் காட்டி "வெறும் முட்டைக்கோஸ்தான்" என்று ஏமாற்றாதீர்கள், அதில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பில் ஊறிய இறாலோ சேர்ந்திருக்கும்.

உட்கார்ந்ததும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிம்ச்சி, முளைப்பயறு, முள்ளங்கி என்று வரிசையாக வைப்பார்கள். பாஞ்சான் என்று பெயர். ஆம்பூர் பிரியாணியோடு வரும் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் போலத்தான், இதற்குத் தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் கேட்டு வாங்கலாம். அதற்காக அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது கறி. முதல் தடவை நான் மசாலா ஊறிய கறியை முதலில் போட்டேன், சோயாவும் சர்க்கரையும் அடிப்பிடித்துத் தட்டே கரியாகி, அதற்கப்புறம் போட்டதெல்லாம் கசந்தது. ஊறவைக்காத கறிதான் முதலில், இனிப்பு மசாலா போட்டது கடைசியில். தட்டு கறுத்தால் வெட்கப்படாமல் மாற்றச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். சம்கியோப்சலைப் போட்டுவிட்டுச் சும்மா புரட்டிக்கொண்டே இருக்கக் கூடாது, அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கட்டும், அப்புறம் திருப்புங்கள். பாதி வெந்ததும் கத்தரிக்கோலால் துண்டு போட வேண்டும். ஆமாம், கத்தரிக்கோல்தான், பார்த்துச் சிரிக்காதீர்கள், கத்தியைவிட அது எவ்வளவோ வசதி. கொழுப்பு உருகி ஓடுகிற பக்கத்தில் கிம்ச்சியையும் பூண்டையும் போட்டு வையுங்கள், கறியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பச்சைக் கறியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள்.

சாப்பிடும் விதம் நமக்குப் புதிதே இல்லை, வெற்றிலை போடுகிற மாதிரிதான். உள்ளங்கையில் ஒரு லெட்யூஸ் இலை, அதில் கறி ஒரு துண்டு, ஒரு பல் பூண்டு, சம்ஜாங் என்ற சோயா மிளகாய் விழுது கொஞ்சம், வேண்டுமென்றால் துளி சோறு, மடித்து மொத்தமாக வாய்க்குள். பாதி கடித்தால் எல்லாம் மடியில் கொட்டும், அதனால் ஆசைப்பட்டுப் பெரிதாகக் கட்டாதீர்கள். சோற்றை ஸ்பூனால் எடுக்கலாம். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் மட்டும் குத்தி நிற்க வைக்காதீர்கள், இறந்தவர்களுக்குப் படைக்கும் சோறு போல ஆகிவிடும்.

கொரியாக்காரர் யாராவது கூட இருந்தால் வயதில் பெரியவர் எடுத்த பிறகு தொடங்குங்கள், அவர் எதை ஊற்றினாலும் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து வாங்குங்கள். சோஜு என்ற கொரிய மது லேசாகத்தான் தெரியும், ஆனால் ஏறும், வண்டி ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம்.

கறி முடிந்ததும் நேங்மியோன் என்ற ஐஸ் நூடுல்ஸ் ஒன்று வாங்கிப் பங்கு போடுங்கள். அதையும் கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சட்டையோடு மட்டும் போகாதீர்கள், வாலாஜா டோல்கேட் தாண்டியும் புகை வாசனை போகாது.