ஊர்ப்புற முதியோருக்கான குடும்ப மருத்துவம்: அவர்கள் விரும்புவதைக் கேட்டறிவதும் அதற்கேற்ப அமைப்பதும்

கிராமப்புறத்தில் குடும்ப மருத்துவ நிலையம் நடத்தும் ஒருவர், தம்மிடம் வரும் முதியவரிடம் "எங்கள் சேவை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒரு குறையும் இல்லை" என்ற பதில்தான் வரும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மருத்துவர் மீதுள்ள மரியாதை ஒரு காரணம். குறை சொன்னால் அருகிலிருக்கும் ஒரே மருத்துவரும் மனம் கசந்து போய்விடுவாரோ என்ற அச்சம் அதைவிடப் பெரிய காரணம். ஆகவே திருப்தியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, நடந்ததைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் கேட்க வேண்டும். மருத்துவர்கள், செவிலியர்கள், நிலையத்தை நிர்வகிப்பவர்கள் ஆகியோர் அதை எப்படிச் செய்யலாம், கிடைத்த பதில்களை வைத்து எதை மாற்றலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

கேட்கும் முறை

முதலில், சிகிச்சை அளிப்பவரே கேள்வி கேட்பவராக இருக்கக் கூடாது. நிலையத்தோடு தொடர்பில்லாத, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் முதியவரின் வீட்டிற்கே சென்று பேசுவது நல்லது. "கடைசியாக மருத்துவரைப் பார்க்கப் போன நாளில், வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பி வந்தது வரை சொல்லுங்கள்" என்று தொடங்கினால் போதும். யார் அழைத்துச் சென்றார், அவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தாரா, எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருந்தது, கழிப்பறை எட்டும் தொலைவில் இருந்ததா, சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தது என்ன என்பனவெல்லாம் அந்தக் கதையிலேயே வந்துவிடும். அச்சிட்ட வினாத்தாளில் இவற்றுள் பாதிகூட வராது.

அதன்பின் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். "நாளையே யாரோ ஒரு மருத்துவரைப் பார்க்கலாம், அல்லது மூன்று நாள் கழித்து உங்களை நன்கு அறிந்தவரைப் பார்க்கலாம், எது வேண்டும்?" என்ற கேள்வியைக் காய்ச்சலுக்கு ஒருமுறையும், பல மாதங்களாக இருக்கும் தலைசுற்றலுக்கு ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள். ஒரே மனிதர் இரண்டுக்கும் இருவேறு பதில் தரக்கூடும். விரைவு வேண்டுமா பழக்கம் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் விடை தெளியாததற்குக் காரணம் இதுதான். நோய் எது என்பதைச் சேர்த்துக் கேட்டால் தெளிந்துவிடும். முதியவரிடம் தனியாகவும், அவரைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் தனியாகவும் கேட்க வேண்டும். பிள்ளைகள் பாதுகாப்பை முன்னிறுத்துவார்கள். பெற்றோரோ யாருக்கும் பாரமில்லாமல் நடமாடுவதை முன்னிறுத்துவார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

நிலையத்திற்கு வராதவர்களையும் தேடிப் போக வேண்டும். மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப மருத்துவர் 1971இல் எழுதினார். காத்திருப்பு அறையில் மட்டும் கருத்துக் கேட்பவர், வந்துசேர வழி உள்ளவர்களின் விருப்பத்தை மட்டுமே அறிகிறார்.

தம்மை அறிந்த மருத்துவர்

ஒவ்வொரு முறையும் புதிய முகத்திடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருப்பது முதியவர்களைச் சோர்வடையச் செய்கிறது. இதை வெறும் மனநிறைவு சார்ந்த செய்தியாக ஒதுக்கிவிட முடியாது. பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டி ஆராயும் முறைசார் மீளாய்வு ஒன்று 2018இல் வெளியானது; அதில், ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து செல்வதற்கும் இறப்பு வீதத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 22 ஆய்வுகளுள் 18இல், தொடர்ச்சி கூடிய இடத்தில் இறப்பு குறைந்திருந்தது. நார்வே நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்கள், ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிட அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ கால்பங்கோ சற்றுக் கூடுதலாகவோ குறைந்து காணப்பட்டனர். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே. தொடர்ச்சி மட்டுமே காரணம் என்று இவற்றைக் கொண்டு நிறுவிவிட முடியாது. ஆனாலும் முதியோரின் விருப்பமும் சான்றும் ஒரே திசையைக் காட்டும்போது தயங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு மருத்துவரைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். அவர் இல்லாத நாளில் பார்ப்பவரும் குறிப்பிட்ட ஒருவராகவே இருக்கட்டும். முன்பதிவு செய்யும் பணியாளர், நோய்க்குறிப்பைக் கேட்பதற்கு முன் "வழக்கமாக யாரைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்கட்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் நோய்ப் பட்டியலோடு, யாருடன் வசிக்கிறார், எந்தக் காது நன்றாகக் கேட்கும், வீட்டில் தொலைபேசியை எடுப்பவர் யார், எதற்கு அஞ்சுகிறார் என்ற நான்கு வரிகளையும் எழுதி வையுங்கள். மருத்துவர் மாறிச் செல்ல நேர்ந்தால், நோய் முற்றியவர்களின் வீடுகளுக்காவது புதியவரை அழைத்துச் சென்று அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும்.

ஒரே பயணத்தில் முடித்தல்

நகரத்தில் இருப்பவர் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுவார். கிராமத்து முதியவர் பயணங்களைக் கணக்கிடுவார், ஏனெனில் ஒவ்வொரு பயணமும் வேறொருவரின் ஒரு நாளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. இரத்தம் எடுக்க ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள், மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க ஒரு நாள் என்று பிரித்துவிட்டால், மூன்றில் ஒன்றை அவர் சொல்லாமலேயே கைவிட்டுவிடுவார். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி ஆகியவற்றிற்குத் தனித்தனி நாள் வைக்காமல் ஒரே நீண்ட சந்திப்பாக்குங்கள். பேருந்து வந்துசேரும் நேரத்தையும் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் முன்பதிவு செய்பவரின் மேசையில் ஒட்டி வையுங்கள். நோய் நிலையாக உள்ளவர்களுக்கு, விதிகள் இடம் தரும் அளவுக்கு நீண்ட கால மருந்தாக எழுதிக் கொடுங்கள். பரிசோதனை முடிவைத் தொலைபேசியில் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அழைத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அழைப்பு வராத நாட்களை அவர்கள் கவலையோடுதான் கழிக்கிறார்கள்.

காணொலி ஆலோசனையைப் பற்றிப் பேச்சு அதிகம். என் கருத்தில், முகமறிந்த மருத்துவர் பேசும் சாதாரணத் தொலைபேசி அழைப்பே பல முதியவர்களுக்குப் போதுமானது. புதிதாக வந்த நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் ஆகியவற்றை எந்த அழைப்பிலும் ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது.

பேச்சும் அவகாசமும்

நோயாளி பேசத் தொடங்கியபின் சராசரியாக 18 விநாடிகளிலேயே மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. முதியவர்களின் பேச்சில் உண்மையான கவலை பெரும்பாலும் முதலில் வருவதில்லை. முழங்கால் வலியில் தொடங்கி, எழுந்து போகும் நேரத்தில்தான் சிறுநீர்க் கசிவைப் பற்றியோ மறதியைப் பற்றியோ ஒரு சொல் விழும். "வேறு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். "வேறு என்ன சொல்ல நினைத்து வந்தீர்கள்?" என்று, அதுவும் சந்திப்பின் தொடக்கத்திலேயே, கேளுங்கள். விழுந்ததைப் பற்றியும் நாமே கேட்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஓராண்டில் ஒரு முறையேனும் விழுகிறார். நடமாட்டத்திற்குத் தடை வந்துவிடும் என்று பயந்து பலர் அதை மறைக்கிறார்கள்.

காது மந்தமானவரிடம் கத்துவதால் பயனில்லை. முதுமையில் முதலில் குறைவது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் என்பதால், கத்தும்போது சொற்கள் மேலும் சிதைகின்றன. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே அமர்ந்து, குரலின் சுருதியைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள். தலைசுற்றுகிறது என்று சொன்னால், அறை சுழல்கிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். படுக்க வைத்தும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளந்து, மேல் அளவு 20 புள்ளிகளோ கீழ் அளவு 10 புள்ளிகளோ குறைகிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். ஐந்து மருந்துகளுக்கு மேல் போனவரிடம், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இது இன்னும் தேவையா என்று அவர் முன்னிலையிலேயே ஆராய்வது, புதிதாக ஒன்றை எழுதுவதைவிட அவர் மதிக்கும் செயலாக இருக்கும்.

ரகசியமும் வீட்டு வருகையும்

சிறிய ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். வரவேற்பாளர் பக்கத்து வீட்டுக்காரராகவோ உறவினராகவோ இருப்பார். மறதி, மனச்சோர்வு, குடிப்பழக்கம், சிறுநீர்க் கசிவு ஆகியவற்றைச் சொல்ல வந்தவர், "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டால் "சும்மா இருமல்" என்று சொல்லிவிட்டு அதற்கே மருந்து வாங்கிக்கொண்டு போவார். காரணத்தைச் சீட்டில் எழுதித் தரவோ மருத்துவரிடம் மட்டும் சொல்லவோ வழி செய்யுங்கள். உடன் வந்த பிள்ளை எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், பரிசோதனையின்போது சில நிமிடங்கள் முதியவரைத் தனியே பாருங்கள். இதை எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாக்கிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அவரது ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளிடம் முடிவுகளைச் சொல்லாதீர்கள்.

வீட்டிற்கு வரும் மருத்துவரை முதியோர் வேண்டுவது பழைய காலத்து ஏக்கமன்று. மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரம், படுக்கையில் விழுந்த நிலை, வாழ்நாளின் இறுதிக் கட்டம் ஆகிய மூன்றிலும் அது அவசியம். வாரத்தில் அரை நாளை ஒதுக்கி, ஒரே திசையிலுள்ள வீடுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். செவிலியர் பாதி வருகைகளை ஏற்கலாம். வெளிச்சமில்லாத படி, பழைய மாத்திரையும் புதியதும் கலந்து கிடக்கும் டப்பா, கவனித்துக்கொள்பவரின் களைப்பு ஆகியவை ஆலோசனை அறையில் கண்ணில் படாதவை. எங்கே, யாருடன் இருந்து கடைசி நாட்களைக் கழிக்க விரும்புகிறார் என்ற கேள்வியையும் அங்கேதான் இயல்பாகக் கேட்க முடியும்.

கேட்டறிந்த பிறகு, கருத்துச் சொன்னவர்களிடம் திரும்பிச் சென்று, எதை மாற்றினீர்கள், எதை மாற்ற இயலவில்லை என்று சொல்லுங்கள். இரவில் மருத்துவர் வர இயலாது என்றால் அதை மறைக்காமல் சொல்லி, இரவு நேரத்தில் அழைக்க வேண்டிய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசி இருக்கும் இடத்திற்கு அருகில் நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள்.