மூன்று படகு, இரண்டு பை: பினாங்கு முதல் கோ லிப்பே வரை சிக்கனமாகப் போய்வருவது எப்படி?

நானும் கணவரும் முதல்முறை தாய்லாந்துத் தீவுகளுக்குப் போனபோது 12 நாளில் ஆறு தீவு பார்த்தோம். ஊர் திரும்பிச் செலவு நோட்டைக் கூட்டினால், அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆனதைவிடப் படகுக்கும் வேனுக்கும் ஆனதே அதிகம். அறை வாடகையில் 100 பாட் (தாய்லாந்துப் பணம்) மிச்சம் பிடித்த மறுநாளே படகுத்துறைக்குப் போகும் வண்டிக்கு 300 பாட் கொடுத்திருக்கிறோம். ஊர் மாறுகிற நாளில்தான் பணம் கரைகிறது. வண்டிக்கூலி, படகு டிக்கெட், துறைக் கட்டணம், பசி தாங்காமல் துறையிலேயே வாங்கும் விலை கூடிய சாப்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

அதனால் அடுத்த பயணத்தில் "எத்தனை தீவு" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை முறை கடல் கடக்கிறோம்" என்று எண்ணத் தொடங்கினோம். மூன்றுக்கு மேல் கூடாது என்பது கணவர் போட்ட வரம்பு. அப்படிப் பிறந்த வழிதான் இது: மலேசியாவின் பினாங்கு, லங்காவி தீவுகள், தாய்லாந்தின் கோ லிப்பே தீவு, ஹட் யாய் நகரம், மறுபடி பினாங்கு. 15 இரவுகள், இரண்டு நாடுகள். முதல்முறை முதுகுப்பையோடு கிளம்பும் தம்பதிக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள், ஊரைப் பிறகு பார்க்கலாம்

நவம்பரில் சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மலேசியாவின் கிழக்குக் கரையையும் நனைக்கிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் அந்த மாதங்களில் பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும். அதே நேரத்தில் மேற்கே அந்தமான் கடல் குளம்போல அமைதியாகக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். அதனால்தான் லங்காவிக்கும் கோ லிப்பேக்கும் இடையிலான நேரடிப் படகு, ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரையிலான பருவத்தில் மட்டும் ஓடுகிறது.

நாங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தோம். டிசம்பர் கடைசி வாரத்தையும் சீனப் புத்தாண்டு வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள், அறை வாடகை எகிறிவிடும். தைப்பூசமும் கூட்ட நாள்தான், ஆனால் அதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பினாங்கில் வெள்ளி ரதமும் தங்க ரதமும் வீதி வரும் நாள் அது. அதற்காகவே போவதென்றால் அறையை இரண்டு மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.

படி 2: காகிதங்கள்

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் விசா விலக்கு தந்தது. தாய்லாந்தும் விசா விலக்கு தந்தது, ஆனால் நாள் கணக்கும் நிபந்தனையும் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத் தளத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

இரு நாடுகளும் மின்னணு வருகை அட்டை கேட்கின்றன. நுழைவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள். இந்த வழியில் மலேசியாவுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஆகவே அந்த அட்டையையும் இரண்டு முறை நிரப்ப வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

படி 3: ஒரு பொதுப் பை, இரண்டு வங்கி அட்டை

தம்பதியாகப் போகும்போது பணத்தகராறு வரக் காரணம் பெரும்பாலும் தொகை அல்ல. யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பதே. நாங்கள் ஒரு சின்னத் துணிப்பை வைத்துக்கொண்டோம். காலையில் அன்றைய பணத்தை அதில் போடுவோம். மலேசியாவில் இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 180 ரிங்கிட், அறை உட்பட. ஒரு ரிங்கிட்டுக்குச் சுமார் 20 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். பை காலியானால் அன்றைய செலவு முடிந்தது. மிச்சமிருந்தால் அது மறுநாளைக்கு. பையை ஒரு நாள் அவர் வைத்திருப்பார், மறுநாள் நான். பை யார் கையில் இருக்கிறதோ, அன்று எங்கே சாப்பிடுவது, எந்தப் பஸ் ஏறுவது என்பதெல்லாம் அவர் முடிவு. இந்த ஒரு ஏற்பாடு எங்களுக்குள் வந்திருக்கக்கூடிய எத்தனையோ மனக்கசப்பை நிறுத்தியிருக்கிறது.

வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே குறைந்த முறை, கூடுதல் தொகை. "ரூபாயில் கணக்கிடவா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நட்டம்.

மலேசியாவில் வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மலிவான அறையில் இது பெரிய வித்தியாசம், சேர்த்தே ஒப்பிடுங்கள். இன்னொன்று: பலர் சேர்ந்து தங்கும் கூடத்தில் இரண்டு கட்டிலுக்கு ஆகும் தொகைக்கே ஒரு சின்னத் தனியறை கிடைக்கும் ஊர்கள் நிறைய. தனியாகப் போகிறவர்களின் சிக்கனமும் தம்பதியின் சிக்கனமும் ஒன்றல்ல.

படி 4: பை

மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோக ஆளுக்கு 7 கிலோ. அதற்குள் அடக்குங்கள். ஐந்து நாள் துணி, மெல்லிய துண்டு, மழையுறை, ரப்பர் செருப்பு, தண்ணீர் புகாத சுருட்டுப்பை ஒன்று. அந்தச் சுருட்டுப்பையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காரணம் படி 7-இல் வரும். மறுநாள் வேண்டிய துணியைப் பாதி அவர் பையிலும் பாதி உங்கள் பையிலும் வையுங்கள். ஒரு பை எங்காவது தவறினாலும் இருவருக்கும் மாற்றுடை இருக்கும்.

படி 5: பினாங்கில் நான்கு இரவு

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கே கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்கு மணி நேரம் சொச்சத்தில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த். நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போகலாம். சில ரிங்கிட்டில் அக்கரையில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். இந்தச் சின்னப் படகை எங்கள் மூன்றில் நாங்கள் சேர்க்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில், பழைய துறைமுக நகரம் தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்து வரும். மாலையில் போனால் மேல்தளத்தில் நில்லுங்கள்.

மலாக்காவோடு சேர்த்து 2008-இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், சீனக் குலத்தார் கடல்மேல் கால் நட்டுக் கட்டிய மரவீட்டுத் துறைகள், எல்லாம் நடக்கும் தூரம். வண்டிச் செலவே இல்லாத நான்கு நாள் இந்த நகரம் தரும் பெரிய மிச்சம். கடற்கரைக்குப் போக 101-ஆம் எண் நகரப் பஸ், பத்து ஃபெரிங்கி என்னும் ஊர் வரை போகிறது.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார். காவடிபோல் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு இது. கண்டார் என்பது அந்தத் தோள்கம்பு. நாங்கள் வரிசையில் நின்றபோது கரண்டி பிடித்திருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்தக் குழம்பு ஊற்றட்டும் அம்மா, எல்லாம் கலந்தா?" என்றார். கலந்துதான் என்றேன். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று ஐந்தாறு கரண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் இறங்கின. ஓரத்தில் ஒரு வெண்டைக்காய் முழுசாகப் படுத்திருந்தது. மலாயில் இதற்கு பஞ்சிர், அதாவது வெள்ளம் என்று பெயர். விரலுக்கிடையில் வழிகிற வெள்ளம்தான். சிக்கனத்துக்கு ஒரு வழி: விலை கறித்துண்டில்தான் ஏறுகிறது, குழம்பில் அல்ல. பெரிய இறாலைக் கைகாட்டும் முன் விலை கேளுங்கள்.

படி 6: முதல் கடல், லங்காவி

பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் ரயிலில் அராவ். அங்கிருந்து வாடகைக் காரில் கோலா பெர்லிஸ். அங்கே படகு ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லங்காவியின் கூவா படகுத்துறை. கூவா என்றால் மலாயில் குழம்பு. பூதங்களின் சண்டையில் கல்யாண விருந்துக் குழம்பு கவிழ்ந்த இடம் என்று ஊர்க்கதை சொல்கிறது.

தீவில் நகரப் பஸ்களை நம்பித் திட்டம் போட முடியாது, பெரும்பாலோர் ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குப் பழக்கம். ஆனால் இருசக்கர உரிமமும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் எடுக்காதீர்கள். விழுந்தால் பயணக் காப்பீடு ஒரு ரூபாய்கூடத் தராது. பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அடுத்த கடை ரொக்க முன்பணத்துக்குச் சம்மதிக்கும். எடுத்தவுடன் வண்டியைச் சுற்றி வீடியோ பிடித்துக்கொள்ளுங்கள்.

பந்தாய் செனாங் கடற்கரையில் ஓரிரண்டு தெரு உள்ளே தள்ளி அறை எடுத்தால் வாடகை கணிசமாகக் குறையும்.

படி 7: இரண்டாம் கடல், கோ லிப்பே

இது எங்கள் பயணத்தின் ஆகப்பெரிய ஒற்றைச் செலவு. டிக்கெட் எடுக்கும்போது படகு கூவாவிலிருந்தா, தெலாகாவிலிருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் தீவின் இருவேறு மூலைகள். தவறான துறைக்குப் போய்ச் சேர்ந்தால் வாடகைக் காரில் தீவையே குறுக்காகக் கடக்க வேண்டும்.

கோ லிப்பேயில் பெரிய படகு கரை அணைவதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் நடுநீரில் நிற்கும். நீளமான தாய்லாந்து மரப்படகு பக்கத்தில் வந்து ஒட்டும். பையைத் தூக்கிக் கொடுத்து, ஒரு கையை நீட்டி, அலை ஏறும் நொடி பார்த்துக் கால் வைக்க வேண்டும். கணவர் முதலில் இறங்கினார். நான் இறங்கும்போது இரண்டு படகுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி திறந்து மூடியது. கரைக்குச் சில அடி முன்பே படகு நின்றுவிட, முழங்கால் வரை தண்ணீரில் பையைத் தலைமேல் வைத்து நடந்தோம். என் கைப்பையின் அடிப்பக்கம் நனைந்தது, உள்ளே சுருட்டுப்பையில் இருந்த பணமும் கைபேசியும் உலர்ந்தே இருந்தன. பாஸ்போர்ட்டுகளை முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். குடிநுழைவு அலுவலகம் கடற்கரையிலேயே ஒரு சின்னக் கட்டடம். பெயர் கூப்பிடும்வரை ஈரக் காலோடு மணலில் உட்கார்ந்திருந்தோம். பச்சையும் நீலமுமாக மாறிக்கொண்டேயிருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி அரை மணி நேரம் காத்திருந்தது எனக்கு நீளமாகவே தெரியவில்லை.

தீவு சிறியது. அரை மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடலாம், வண்டியே வேண்டாம். உராக் லாவோய் என்னும் கடலோடி மக்களின் ஊர் இது. விடுதிகள் பின்னால் வந்தவை. அவர்கள் குடியிருப்புகளுக்குள் படம் பிடிக்கும் முன் கேளுங்கள். சுற்றிலும் தாருதாவ் தேசியக் கடற்பூங்கா. பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருட்கள் கலந்த வெயில் களிம்புகளுக்குத் தாய்லாந்துத் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை உண்டு. ஊரிலிருந்து வாங்கிப்போகும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தங்குமிடம் மலேசியாவைவிட விலை கூடுதல். மின்விசிறி மட்டும் உள்ள மூங்கில் குடிலை எடுத்தோம். நீச்சல் கண்ணாடியை வாடகைக்கு எடுத்து, கரையிலிருந்தே நீந்திப் பவளம் பார்த்தோம். நாள் முழுக்கத் தீவுகளைச் சுற்றும் படகில் ஒரே ஒரு நாள்தான் போனோம்.

படி 8: மூன்றாம் கடல், திரும்பும் வழி

கோ லிப்பேயிலிருந்து விரைவுப் படகில் தாய்லாந்துக் கரையிலுள்ள பாக் பாரா துறை, அங்கிருந்து வேனில் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஹட் யாய். ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை எல்லை ஊரான பாடாங் பெசாருக்கு ரயில். கட்டணம் 50 பாட், ஒரு மணி நேரம். அந்த நிலையத்திலேயே தாய்லாந்தின் முத்திரையும் மலேசியாவின் முத்திரையும் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டு, அதே கூரையின் கீழ் பட்டர்வொர்த் ரயில் ஏறலாம். வான்வழியாகத் திரும்புவதை நினைத்தால் இது ஒன்றுமேயில்லாத செலவு.

ஒரே எச்சரிக்கை, கடிகாரம். மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாடாங் பெசாரில் இறங்கிய நாங்கள், அடுத்த ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று நிதானமாகத் தேநீர் குடித்தோம். என் கைக்கடிகாரம் இன்னும் தாய்லாந்து நேரத்தில் இருந்தது. நடைமேடைக்குப் போனபோது ரயில் எப்போதோ கிளம்பிவிட்டது. அடுத்ததற்காக வெகுநேரம் காத்திருந்தோம். அன்று துணிப்பை என்னிடம் இருந்தது. மலேசியப் பணம் 22 ரிங்கிட் மிச்சம். பட்டர்வொர்த்துக்கு டிக்கெட் ஆளுக்கு 11 ரிங்கிட் சொச்சம் ஆகும், ஆகவே சில காசுகளைக் கணவர் சட்டைப்பையில் தேடி எடுத்தார். டிக்கெட் வாங்கியதும் முதல் வேலையாகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்தேன்.