எக்ஸ்சேஞ்ச்ல ஃபிலிம் படிக்கப் போறீங்களா? முதல் ரெண்டு வாரத்த இப்படி ஓட்டுங்க

எக்ஸ்சேஞ்ச்னா உங்க காலேஜ்லேர்ந்து ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டு காலேஜுக்குப் போய் படிக்கிறது. ஒரு செமஸ்டர்னா கிட்டத்தட்ட 14, 15 வாரம், அதுல முதல் ரெண்டு வாரம் ஃபார்ம் ஃபில் பண்றதுலயும் எந்த பில்டிங்ல எந்த ரூம்னு அலையுறதுலயுமே போயிடும். அங்க இருக்குற பசங்க ஏற்கனவே ஒண்ணு ரெண்டு வருஷம் சேர்ந்து ஷூட் பண்ணி, யார் கேமரா யார் எடிட்டிங்னு அவங்களுக்குள்ள செட் ஆகி இருப்பாங்க, நீங்க ஓடுற பஸ்ல தொத்திக்கப் போறீங்க. அதனால முதல் கிளாஸ்ல திறமையெல்லாம் காட்ட வேண்டாம், யாரோட குரூப்லயாவது உள்ள போயிட்டா போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது கோர்ஸ் லிஸ்ட். தியரி கிளாஸ் ஈஸியா கிடைக்கும், ப்ரொடக்ஷன் கிளாஸ்ல சீட் கம்மி, அதுவும் பல இடத்துல அவங்க ரெகுலர் பசங்களுக்குத் தான் முதல் உரிமை. வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தாலும் முதல் நாள் நேர்ல போய் உக்காந்துடுங்க, முடிஞ்சதும் டீச்சர்கிட்ட ரெண்டே வரி பேசுங்க, பேர் சொல்லி, என்ன வேலை தெரியும்னு சொல்லி, சின்னதா ஒரு வீடியோ லிங்க் குடுத்துட்டு வந்துடுங்க. முதல் வாரத்துல நாலு பேராவது கோர்ஸ் மாத்திட்டு போவாங்க, சீட் அப்படித் தான் காலியாகும். யூரோப் பக்கம் போறவங்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25லேர்ந்து 30 மணி நேர வேலைன்னு கணக்கு. ஆனா ப்ரொடக்ஷன் கிளாஸ் அந்தக் கணக்குக்குள்ள அடங்கவே அடங்காது, அத ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கோங்க. எந்த கோர்ஸ மாத்தினாலும் அன்னைக்கே உங்க சொந்த காலேஜுக்கு மெயில் போட்டு ஓகே வாங்கிடுங்க, இல்லன்னா திரும்பி வந்தப்புறம் மார்க் ஏத்த மாட்டாங்க.

எக்விப்மென்ட் ரூம்ல முதல் வாரம் ஒரு டிரெய்னிங் வைப்பாங்க, கேமராவ எப்படி வாங்கணும் எப்படி திருப்பிக் குடுக்கணும்னு. போர் அடிக்கும், ஆனா அத மிஸ் பண்ணா பல இடத்துல ஒரு டிரைபாட் கூட குடுக்க மாட்டாங்க. இன்சூரன்ஸ் யாரு கட்டணும், உடஞ்சா யாரு பொறுப்புன்னு அங்கயே கேட்டுக்கோங்க. அந்த ரூம்ல இருக்குறவர்கிட்ட நல்ல பேர் எடுத்து வைங்க, சொன்ன டைமுக்கு ஒயரெல்லாம் ஒழுங்கா சுத்தி திருப்பிக் குடுத்தாலே போதும், புரொஃபசர விட அவர் தான் உங்களுக்கு அதிகமா உதவுவார்.

இப்போ மெயின் மேட்டர். முதல் கிளாஸ்ல சுத்தி உக்கார வச்சு அறிமுகம் கேப்பாங்க, நான் "டைரக்டர் ஆகணும்"னு சொன்னேன், எனக்கு முன்னாடி பேசின ஒன்பது பேரும் அதையே தான் சொல்லியிருந்தாங்க, எனக்கப்புறம் பேசினவங்களும் அதையே தான் சொன்னாங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் "எனக்கு சவுண்ட் ரெக்கார்டிங் வரும், பூம் பிடிப்பேன்"னு சொல்லுச்சு, பூம்னா நீளக் கம்பு நுனில மாட்டின மைக். கிளாஸ் முடிஞ்சதும் அந்தப் பொண்ணச் சுத்தி கூட்டம், என்னை எவனும் திரும்பிக் கூட பாக்கல. அதனால சவுண்ட் கத்துக்கிட்டு போங்க, எந்த ஊர் ஃபிலிம் ஸ்கூல்லயும் சவுண்டுக்கு ஆள் பத்தாது. பூம் மைக்க ஃப்ரேமுக்கு மேல இருந்து பேசுறவங்க வாய்ப் பக்கம் பாத்து பிடிக்கணும், ரெக்கார்டர் மீட்டர்ல லெவல் பீக் அடிக்காம, அதாவது சத்தம் ஓவராகி உடையாம, மைனஸ் 12 டிபி பக்கத்துல வச்சுக்கணும், ஒவ்வொரு லொகேஷன்லயும் எல்லாரையும் அசையாம நிக்க வச்சு ஒரு 30 செகண்டாவது ரூம் டோன், அதாவது யாரும் பேசாதப்போ அந்த இடத்துல இருக்குற சத்தத்த எடுக்கணும், இந்த அளவு தெரிஞ்சாலே முதல் மாசத்துல மூணு நாலு படத்துல வேலை செஞ்சிடலாம். டப்பிங்ல பாத்துக்கலாம்னு பழகினவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமா இருக்கும், அங்க பெரும்பாலும் லைவ் சவுண்ட் தான், ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்துக்காகவே டேக் கட் பண்ணுவாங்க. அதனால ஷூட்டுக்கு முன்னாடியே ஃப்ரிட்ஜ ஆஃப் பண்றவர் தன்னோட கார் சாவிய அதுக்குள்ள வச்சுடுவார், அப்ப தான் கிளம்புறப்போ மறக்காம ஆன் பண்ணுவாராம், நல்ல ஐடியா.

சவுண்ட் வேண்டாம்னா கிளாப் அடிங்க, அதான் ஷாட் நம்பர் எழுதி கேமரா முன்னாடி அடிக்கிற பலகை, ஸ்லேட்டுன்னும் சொல்லுவாங்க, ஆனா நம்பர் போடுற முறைய முதல்ல கேட்டுக்கோங்க, இதுல தான் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அமெரிக்க முறைல சீன் நம்பரோட இங்கிலீஷ் எழுத்து வரும், 12, 12ஏ, 12பி-ன்னு போகும், ஒன்னும் ஜீரோவுமா தெரியுற ஐ, ஓ ரெண்டையும் விட்டுடுவாங்க. பிரிட்டிஷ் முறைல முதல் நாள் 1ல ஆரம்பிச்சு ஷூட் முடியுற வரைக்கும் ஸ்லேட் நம்பர் ஒரே ஓட்டமா ஏறிக்கிட்டே போகும். நான் பாதி நாள் ஒரு மாதிரியும் மீதி நாள் இன்னொரு மாதிரியும் எழுதி வச்சேன், எடிட் பண்ணவன் ஒரு வாரம் என்கூட பேசல. ஷாட் ஆரம்பத்துல அடிக்க முடியலன்னா கடைசில கிளாப்ப தலைகீழா பிடிச்சு அடிக்கணும், அதுவும் தெரிஞ்சிருக்கட்டும்.

செட் பாஷை ஒண்ணு ரெண்டு முன்னாடியே தெரிஞ்சா முழிக்க வேண்டியதில்ல. அமெரிக்க செட்ல சி47 எடுத்துட்டு வான்னா பெருசா ஏதோ லைட்னு நினைக்காதீங்க, துணி காயப் போடுற மரக் கிளிப் தான். மார்ட்டினின்னா அன்னைக்கு கடைசி ஷாட், ஆப்பி சிங்கர்னா அதுக்கு முந்தின ஷாட், அந்தப் பேர்ல நெஜமாவே ஒரு ப்ரொடக்ஷன் மேனேஜர் இருந்தார். புரியலன்னா கேட்டுடுங்க, புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வேற எதையாவது தூக்கிட்டு போனா தான் சிரிப்பாங்க.

டெக்னிக்கலா ஒரு விஷயம் எல்லாரும் மறக்குறது கரண்ட். சில நாட்டுல 50 ஹெர்ட்ஸ், சில நாட்டுல 60, உங்க கேமரா பழைய செட்டிங்லயே இருந்தா சில டியூப் லைட், எல்ஈடி கீழ படம் துடிக்கும். 50 இருக்குற இடத்துல ஷட்டர் 1/50, 60 இருக்குற இடத்துல 1/60 வச்சா பெரும்பாலும் சரியாயிடும். ஹார்ட் டிஸ்க்க எக்ஸ்ஃபேட்ங்கிற (exFAT) ஃபார்மேட்ல ஃபார்மேட் பண்ணிட்டு போங்க, லேப்ல மேக் இருந்தாலும் விண்டோஸ் இருந்தாலும் ஓடும். விண்டோஸோட என்டிஎஃப்எஸ் (NTFS) ஃபார்மேட்ல இருந்தா மேக்ல படிக்க மட்டும் தான் முடியும், காப்பி பண்ணி வைக்க முடியாது. 16 எம்எம் ஃபிலிம் குடுக்குற ஸ்கூலா இருந்தா லக்கு தான், ஆனா 100 அடி ரோல் செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல ரெண்டே முக்கால் நிமிஷம் தான் வரும், அதனால ஸ்டாப் வாட்ச் வச்சு ரெண்டு மூணு தடவ ரிஹர்சல் பாக்காம பட்டன தொடாதீங்க.

தியரி கிளாஸ்ல பாஷை தான் பயமா இருக்கும். படம் போட்டு முடிச்சதும் பேசச் சொல்லுவாங்க, முழுப் படத்தையும் பத்தி பேச ட்ரை பண்ணாதீங்க, ஒரே ஒரு ஷாட்ட எடுத்துக்கோங்க, கேமரா எங்க இருந்துச்சு, எப்போ கட் ஆச்சு, சத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னு மூணு வரி. இதுக்கு கஷ்டமான வார்த்தையே தேவையில்ல. இருட்டுல நோட்டு எழுதினா மறுநாள் உங்களுக்கே புரியாது, கட்டம் போட்டு பொம்மை மாதிரி வரஞ்சு வச்சுக்கோங்க.

முதல் எக்சர்சைஸ் பெரும்பாலும் வசனம் இல்லாத ஒரு மூணு நிமிஷப் படமா இருக்கும். ஒரு ரூம், ரெண்டு ஆள், ஒரு பொருள், இதுக்கு மேல போகாதீங்க, ஊரே தெரியாத இடத்துல அஞ்சு லொகேஷன் தேடி யார்கிட்ட பர்மிஷன் கேக்குறது. அப்புறம் கிளாஸ்ல போட்டு எல்லாரும் கருத்து சொல்லுவாங்க, அப்போ வாய மூடிக்கிட்டு எழுதிக்கோங்க, "இல்ல, நான் அங்க என்ன நினைச்சேன்னா"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. ஸ்க்ரீன்ல வராதது வரல, அவ்ளோ தான். யாரு ரொம்ப கரெக்டா குறை சொன்னாங்களோ அவங்கள வெளிய பிடிச்சு, "அடுத்த படத்துக்கு உங்களுக்கு பூம் பிடிக்க ஆள் இருக்கா"ன்னு கேளுங்க.