புதிய ஏ.ஆர்.15 ரைஃபிள் அடிக்கடி சிக்குகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

அமெரிக்காவில் ஏ.ஆர்.15 வகை ரைஃபிளை முதன்முறையாக வாங்குபவர்களில் பலர், சுடுதளத்தில் முதல் நாளே அது இரண்டு மூன்று முறை சிக்கிக்கொண்டதும், துப்பாக்கியே பழுது என்று முடிவுகட்டி, பின்னுக்கு வரும் பாகங்களின் வேகத்தைத் தாங்கும் பஃபரையும் ஸ்பிரிங்கையும் வாங்கி மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றிவிட்டால், கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. நிற்காவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். புதிய ரைஃபிளில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடு), தோட்டா, எண்ணெய் ஆகிய மூன்றில் ஒன்றால் வருபவை. ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே சரியான முறை.

தொடங்கும் முன்: பாதுகாப்பு

கோளாறுள்ள துப்பாக்கியைக் கையாளும்போது குழல்முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். விரல் விசையில் இருக்கக் கூடாது. விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், அது தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், குழல்முனையை இலக்கிலிருந்து விலக்காமல் குறைந்தது 30 விநாடிகள் காத்திருந்து, பிறகே போல்ட்டை, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகத்தை, திறக்க வேண்டும். வழக்கத்தைவிடச் சத்தம் மெல்லியதாகவும் பின்னுதைப்பு குறைவாகவும் இருந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்து குறைவான தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்பின் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். துப்பாக்கியைக் காலிசெய்து, போல்ட்டைக் கழற்றி, குழல் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்யலாம்.

முதல் படி: சிக்கலை நீக்கும் முன் அதைப் பாருங்கள்

ராணுவத்தில் மேகசினைத் தட்டி, போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுக்க உதவும் சார்ஜிங் ஹேண்டிலை இழுத்துவிட்டு, உடனே சுடுவதற்குப் பயிற்சி தருவார்கள். அது போர்க்களத்திற்கு உரியது. காரணத்தைத் தேடும் நாம் அவ்வாறு செய்தால், தடயம் முழுவதும் தரையில் விழுந்துவிடும். துப்பாக்கி நின்றதும், சேஃப்டியைப் போட முடிந்தால் போட்டுவிட்டு, தோட்டா வெளியேறும் பக்கவாட்டுத் திறப்பைக் கூர்ந்து பாருங்கள். உடன் வந்தவர் இருந்தால், பின்னால் நின்றபடியே ஒரு புகைப்படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்த ரைஃபிள் ஒரே வரிசையில் இயங்குகிறது. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி குழலின் மேலுள்ள மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி வந்து, போல்ட்டைத் தாங்கியிருக்கும் போல்ட் கேரியரைத் தள்ளுகிறது. அப்போது போல்ட் பூட்டுத் திறந்து, எக்ஸ்ட்ராக்டர் காலி உறையைச் சேம்பரிலிருந்து (சுடும்போது தோட்டா இருக்கும் குழலின் பின்பகுதி) இழுக்கிறது; எஜெக்டர் அதை வெளியே தள்ளுகிறது; திரும்பி வரும் போல்ட் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பரில் பூட்டுகிறது. இந்த வரிசையில் எந்த இடத்தில் இயக்கம் நின்றது என்பதே நாம் முதலில் அறிய வேண்டியது.

புதிய தோட்டாவின் மூக்கு சேம்பரின் வாயில் முட்டி நின்றால், மேகசினையோ போதிய எண்ணெய் இல்லாமையையோ ஐயப்பட வேண்டும். காலி உறை திறப்பில் குத்திட்டு நின்றால், போல்ட் போதிய வேகத்தில் பின்னுக்கு வரவில்லை, அல்லது எஜெக்டர் சரியாகத் தள்ளவில்லை. காலி உறை சேம்பரிலேயே இருக்க, அதன் பின்னால் புதிய தோட்டா வந்து முட்டியிருந்தால், உறையை வெளியே இழுப்பதில்தான் குறை. போல்ட் முழுமையாக மூடாமல் சற்றே பின்னால் நின்றிருந்தால், பக்கத்திலுள்ள தள்ளுபொத்தானை அழுத்தி அதை வலிந்து மூடக் கூடாது. போக மறுக்கும் தோட்டாவை வெளியே எடுத்து அதன் வடிவத்தைப் பார்ப்பதே நல்லது.

இரண்டாம் படி: மேகசின்

எல்லா மேகசின்களிலும் அழியாத மையால் எண் எழுதுங்கள். எளிய வேலை, ஆனால் பல நாள் குழப்பத்தை இது தீர்த்துவிடுகிறது. சிக்கல் வரும்போதெல்லாம் எண்ணைக் குறித்துவைத்தால், எல்லாமே 3ஆம் எண்ணில்தான் நடக்கிறது என்று சில நேரம் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்த மேகசினை ஒதுக்கிவைத்துவிடுங்கள். தோட்டாவைப் பிடித்துவைக்கும் அதன் மேல்விளிம்பை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம்.

30 தோட்டா கொள்ளும் மேகசினை நிறைத்து, மூடிய போல்ட்டின் கீழ் செருகும்போது, அது முழுமையாகப் பூட்டிக்கொள்ளாமல் நிற்பதுண்டு. முதல் தோட்டா மட்டும் ஏறாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். 28 தோட்டாக்களை மட்டும் நிரப்பி, செருகிய பின் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தொடக்கநிலையில் உள்ளவர்கள், சார்ஜிங் ஹேண்டிலை இழுத்தபின் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னே கொண்டுபோவதும் வழக்கம். ஸ்பிரிங்கின் முழு விசையும் போல்ட்டுக்குத் தேவை; இறுதிவரை இழுத்துவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: தோட்டா

குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். .223 ரெமிங்டன் என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 நேட்டோ தோட்டாவைச் சுடக் கூடாது. அதில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். 5.56 என்று பொறித்த குழலில் இரண்டையும் சுடலாம், ஆனால் விலை குறைந்த .223 பயிற்சித் தோட்டாக்களில் சில, புதிய இறுக்கமான ரைஃபிளின் போல்ட்டை முழுமையாகப் பின்னுக்குத் தள்ளும் ஆற்றல் இல்லாதவை. சோதனை நாளில், பெயர்பெற்ற தொழிற்சாலையின் பித்தளை உறை கொண்ட, முழு ஆற்றலுள்ள ஒரு பெட்டித் தோட்டாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிக்கல் வராமல், மலிவான எஃகு உறைத் தோட்டாவில் மட்டும் வந்தால், துப்பாக்கியில் கைவைக்கத் தேவையே இல்லை.

தோட்டாவின் முக்கியத்துவத்திற்கு இந்த ரைஃபிள் குடும்பத்தின் வரலாற்றிலேயே கொடிய சான்று உண்டு. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ரைஃபிளின் ராணுவ வடிவமான எம்16, 1960களின் நடுவில் வியட்நாமில் வீரர்களின் கைகளிலேயே சிக்கிக்கொண்டது. காலி உறை சேம்பரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராததுதான் முதன்மையான புகார். வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டிருந்தது, சேம்பரில் குரோமியப் பூச்சு இல்லை, துடைக்கும் கருவிகள் பலருக்கும் வழங்கப்படவில்லை. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. குரோமியப் பூச்சு, மாற்றிய பஃபர், துடைப்புக் கருவிகள், பயிற்சி ஆகியவை வந்த பின் அதே ரைஃபிளின் நம்பகத்தன்மை பெருமளவு மேம்பட்டது.

நான்காம் படி: துடைப்பதும் எண்ணெயிடுவதும்

தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கியின் மேல் இருப்பது பெரும்பாலும் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சே தவிர, உராய்வைக் குறைக்கும் எண்ணெய் அன்று. கையேட்டைப் பார்த்துக் கழற்றி, சேம்பரை அதற்குரிய தூரிகையால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். குழலைக் கடைந்தபோது தங்கிய நுண்துகள்கூட உறையைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு போல்ட் கேரியரின் கீழும் மேலும் உள்ள, ரிசீவரில் (துப்பாக்கியின் உடற்பகுதி) உராய்ந்து பளபளக்கத் தொடங்கும் இடங்களுக்கும், போல்ட்டைச் சுழற்றும் கேம் பின்னுக்கும், போல்ட்டைச் சுற்றியுள்ள மூன்று வாயு வளையங்களுக்கும் தாராளமாக எண்ணெயிடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் தெரிய வேண்டும். சேம்பருக்குள் எண்ணெய் கூடாது. தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் இருக்கும் துளையிலும் எண்ணெய் தேங்கக் கூடாது. வறண்ட நிலையில் அடிக்கடி நின்ற ரைஃபிள் எண்ணெய் பட்டதும் ஒழுங்காக ஓடுவது சர்வசாதாரணம். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழக முதல் நூறு, இருநூறு தோட்டாக்கள் வரை ஆகலாம் என்பதால், அதுவரை சற்று அதிகமாகவே எண்ணெயிடுவது நல்லது.

ஐந்தாம் படி: வாயு போதுமானதா?

மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை வைத்துச் சுடுங்கள். போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும். வெவ்வேறு மேகசின்களில் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் நிற்கவில்லை என்றால் அந்த மேகசின்தான் குற்றவாளி. எதிலுமே நிற்காமல், போல்ட் பிடிப்பானிலும் குறை இல்லையென்றால், கேரியர் முழுத் தொலைவு பின்னுக்கு வரவில்லை.

காலி உறைகள் எங்கே விழுகின்றன என்பதையும் கவனியுங்கள். குழல்முனையைக் கடிகாரத்தின் 12 மணி என்று கொண்டால், உறைகள் ஏறத்தாழ 3 மணிக்கும் 4.30 மணிக்கும் இடையே விழுவது நல்ல அறிகுறி. 5 மணிப் பக்கம் சோர்ந்து விழுந்தால் வாயு குறைவு. 1 மணி, 2 மணிப் பக்கம் முன்னோக்கிப் பறந்தால் வாயு மிகுதி. இது தோராயமான அளவுகோலே, ஏனெனில் எஜெக்டர் ஸ்பிரிங்கும் தோட்டாவும் இதை மாற்றக்கூடியவை.

வாயு குறைந்தால், கேரியரின் மேல் இரண்டு திருகுகளால் பொருத்திய, வாயுவைக் கேரியருக்குள் செலுத்தும் கேஸ் கீயை விரலால் அசைத்துப் பாருங்கள். அது துளியும் ஆடக் கூடாது. திருகின் தலையோரம் உலோகத்தைத் தட்டி நெரித்துப் பூட்டிய அடையாளம் இருக்க வேண்டும். அசைந்தாலோ, அதன் அடியில் கரிக்கோடு தெரிந்தாலோ வாயு கசிகிறது என்று பொருள். குழலின் மேல் உள்ள வாயுக் கட்டை, குழலில் வாயு வெளியேறும் துளைக்கு நேராக அமையாதிருப்பதும் காரணமாகலாம். இவ்விரண்டும் தொழிற்சாலையோ துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரோ சரிசெய்ய வேண்டியவை.

வெடிக்காத தோட்டா

இறக்கிய தோட்டாவின் பிரைமரில் (அடியில் உள்ள, தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி) ஒரு சிறு புள்ளிக் குழி இருப்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். இந்த வகை ரைஃபிளில் ஃபயரிங் பின் தடையின்றி அசைவதால், போல்ட் மூடும்போதே அது பிரைமரை லேசாகத் தொடும், அது இயல்பே. விசையை அழுத்திய பிறகும் குழி அப்படியே ஆழமின்றி இருந்தால், போல்ட் முழுமையாக மூடவில்லையா, ஃபயரிங் பின்னின் துளையில் அழுக்கு உள்ளதா என்று பாருங்கள். விசைப்பகுதியை நீங்களே பொருத்தியிருந்தால், சுத்தியலின் ஸ்பிரிங் தலைகீழாக இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். அதன் இரு கால்களும் விசையைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசியின் மேல் அமர்ந்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கோளாறு தொடர்ந்தால்

நல்ல தோட்டா, பழுதற்ற மேகசின், போதிய எண்ணெய் ஆகியவற்றோடும் அதே சிக்கல் திரும்ப வந்தால், பாகங்களை வாங்காதீர்கள். அரத்தைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். அது உத்தரவாதத்தையும் கெடுக்கும், துப்பாக்கியையும் கெடுக்கும். தயாரிப்பாளரை அழைத்து, அவர்கள் சொல்லும் முறைப்படி அனுப்புங்கள். பழுதுபார்த்த ரைஃபிளை உங்களுக்கே நேரடியாகத் திருப்பி அனுப்ப அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது. புகைப்படங்கள், தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண், சிக்கல் வந்த மேகசின் எண்கள், விளிம்பு கிழிந்த அல்லது சிராய்ந்த காலி உறைகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால், தொழில்நுட்பர் சோதனையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று உடனே அறிந்துகொள்வார். திரும்பி வந்ததும், முன்பு சிக்கிய அதே வகைத் தோட்டாவையும் அதே மேகசின்களையும் கொண்டே சோதித்துப் பாருங்கள்.