ஏற்காடு தானேன்னு அப்படியே கிளம்பிடாதீங்க

அஸ்தம்பட்டியில நின்னு பாத்தா ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலை கைக்கு எட்டுற மாதிரி தெரியும், நம்ம சேலத்து ஆளுங்க ஏமாறுறதே அதுலதான். ஊட்டின்னா பீரோவுல இருந்து ஸ்வெட்டர் வெளிய வரும், ஏற்காடுன்னா மொட்டை மாடிக்கு போற மாதிரி கிளம்பிடுவோம். போன டிசம்பர்ல நாங்க நாலு பேர் பேக் மாட்டிக்கிட்டு சனி ஞாயிறு ரெண்டு நாளும் எஸ்டேட் வழியா நடக்கலாம்னு போனோம், தெரிஞ்சவங்க காபி தோட்டத்துல டென்ட் போட்டு தங்குறதா பிளான், சனிக்கிழமை மத்தியானம் புடிச்ச மழை ராத்திரி வரைக்கும் விடவே இல்ல. கூட வந்த தம்பி ஒருத்தன் நிலைமை பயப்படுற அளவுக்கு போயிடுச்சு.

மொத தப்பு, போன்ல சேலம்னு போட்டு வெதர் பாத்தது. டவுன் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்டதான், ஏற்காடு 1500 மீட்டர், சேர்வராயன் கோயில் இருக்குற உச்சி 1600க்கும் மேல. 1000 மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும், அப்ப கீழ 20ன்னா மேல 12தான், அதுக்கு மேல காத்து வேற. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, வங்கக்கடல்ல ஒரு தாழ்வு பகுதி வந்தா காலைல அடிச்ச வெயில் ஒரு கணக்கே இல்ல. வானிலை மைய அறிக்கைய முந்தின நாளும் பாருங்க, கிளம்புற அன்னைக்கும் பாருங்க.

ஆனா 12 டிகிரி குளிர் தனியா ஆள ஒண்ணும் பண்ணாதுங்க, ஈரம் சேர்ந்தாதான் ஆபத்து. தண்ணி நம்ம உடம்பு சூட்ட காத்தை விட 25 மடங்கு கிட்ட வேகமா இழுத்துடும். நாங்க நாலு பேருமே ஜீன்ஸும் காட்டன் டீசர்ட்டும், ரெண்டும் நனைஞ்சா லேசுல காயாது. மழைக்கு முன்னாடியே பாதி நனைஞ்சிருந்தோம், ஏறும்போது ஜெர்கினை கழட்டாம நடந்ததுல உள்ள பூரா வேர்வை. ஏறுறப்ப லேசா குளிரட்டும், விடுங்க, நின்ன உடனே எடுத்து போட்டுக்கங்க. ரெயின்கவர் போட்டா பேக் நனையாதுன்னு நம்புறதும் தப்புதான், முதுகு பக்கமா தண்ணி இறங்கி மாத்து துணி எல்லாம் போச்சு. ஒரு செட் உடுப்பும் சாக்ஸும் பாலித்தீன் கவர்ல கட்டி வைங்க, படுக்கப் போற வரைக்கும் அதை தொடாதீங்க.

அந்த தம்பி ரொம்ப நேரம் நடுங்கிக்கிட்டு இருந்தான், அப்புறம் ஷூ லேஸை அவுக்க முடியல, கேட்டா வார்த்தை குழறுது, "ஒண்ணுமில்லண்ணா"ன்னு மட்டும் சொல்றான். களைப்புன்னு நினைச்சோம். உடம்பு சூடு 35 டிகிரிக்கு கீழ போறப்ப இப்படித்தான் ஆகும், நடுக்கம் தானா நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, அது இன்னும் மோசம், உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கணும். எஸ்டேட் தொழிலாளிங்க தங்குற லைன் வீட்டுல இருந்த அக்காதான் பாத்துட்டு "மொதல்ல அந்த ஈரத்துணிய அவுங்கப்பா, காபி அப்புறம் குடிக்கலாம்"னாங்க. கம்பளிய சுத்தி, தலைக்கு குல்லா மாட்டி, சக்கரை தூக்கலா வரக்காப்பி கொடுத்தாங்க, ஒரு மணி நேரம் கழிச்சுதான் ஒழுங்கா பேசினான். கை காலை பரபரன்னு தேய்க்கிறது, பிராந்தி ஊத்துறது ரெண்டும் வேண்டவே வேண்டாம். சரக்கு உள்ள போனா தோலுக்கு ரத்தம் பாஞ்சு சூடான மாதிரி இருக்கும், உள்சூடு வெளிய போயிடும்.

படுக்கிறதுலயும் தப்பு பண்ணோம், மேல ரெண்டு போர்வை, கீழ வெறும் டென்ட் துணி. தரை தான் ராத்திரி பூரா சூட்ட உறிஞ்சுது, அதனால போர்வை ஒண்ணு குறைஞ்சாலும் பாய் குறையக்கூடாது. பள்ளமான இடத்துல டென்ட் போடாதீங்க, குளிர்ந்த காத்து அங்கதான் இறங்கி நிக்கும். எவ்வளவு குளிரினாலும் கரி அடுப்பை டென்டுக்குள்ள வைக்காதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

ஜனவரில ஜெய்சல்மேர் பக்கம் மணல்மேட்டுல தங்கப் போறவங்களுக்கும் இதேதான். பாலைவனம்னா வெயில்னு போறாங்க, அங்க மேகமும் ஈரப்பதமும் இல்லாததால பகல் சூடு பொழுது சாஞ்சதும் வானத்துக்கே போயிடும். அதே ராஜஸ்தான்ல சுருங்கிற ஊர்ல கோடைல 50 டிகிரி தொடும், குளிர்காலத்துல பூஜ்ஜியத்துக்கு கீழ போகும். அந்த குளிர்ல பியூட்டேன் கேஸ் ஸ்டவ் கூட சரியா பத்தாது.

காட்டுப் பாதைன்னா வனத்துறை அனுமதி இல்லாம நுழையாதீங்க, 2018ல தேனி பக்கம் குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க செத்ததுக்கு அப்புறம் அதுக்குன்னு தனி விதியே இருக்கு. எஸ்டேட்னா ஓனர்கிட்ட கேளுங்க.

டிசம்பர்ல ஆறு மணிக்கு பொழுது சாஞ்சிடும், மூடுபனி இறங்கினா அஞ்சுக்கே வழி தெரியாது. நாங்க மூணு மணிக்கு நனைஞ்சு நின்னப்பவே தார் ரோட்டுக்கு இறங்கியிருக்கலாம், பிளான் போட்டாச்சேன்னு இன்னும் ரெண்டு மணி நேரம் ஏறினோம்.