சமோசிர் தீவு: படகில் நுழைந்து மலைவழியே வெளியேறுவது எப்படி?

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள தோபா ஏரிக்குச் செல்வோரில் பலர் பாராபாட் துறையில் காலையில் படகேறி, எதிர்க்கரையிலுள்ள தொமோக்கின் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது சமோசிர் தீவின் ஓர் ஓரத்தை மட்டுமே. எரிமலை ஒன்றின் வாய்க்குள் நின்றுவிட்டு வந்தோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். கிழக்கே படகில் நுழைந்து, தீவைக் குறுக்கே கடந்து, மேற்கே பாலத்தைத் தாண்டித் தெலே மலைச்சாலையில் ஏறி வெளியேறும்படி மூன்று அல்லது நான்கு இரவுகளுக்குத் திட்டமிடுவதையே நான் பரிந்துரைப்பேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இங்கே புகை கக்கும் கூம்பு வடிவ மலையைத் தேடக் கூடாது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் சுமார் 2,800 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பும் சாம்பலும் வெளியேற, அடியில் ஏற்பட்ட வெற்றிடத்துக்குள் நிலம் இடிந்து அமிழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் நீர் நிரம்பியதால் உருவானதே சுமார் 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் 500 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த நன்னீர் ஏரி. பின்னர், எஞ்சிய பாறைக்குழம்பு கீழிருந்து உந்தியதில் ஏரியின் தரையே மேலெழுந்து சமோசிர் ஆயிற்று. தீவின் மேட்டுநிலத்தில் இன்றும் ஏரியடி வண்டல் படிவுகள் காணப்படுவது இதனால்தான். அன்று பறந்த சாம்பல் ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்திலுள்ள ஜ்வாலாபுரத்தில் தனி அடுக்காகப் படிந்திருக்கிறது. அந்த அடுக்குக்கு மேலும் கீழும் கற்கருவிகள் கிடைத்துள்ளன.

சென்னையிலிருந்து செல்வோர் கோலாலம்பூர், சிங்கப்பூர் அல்லது பினாங்கு வழியாகச் சுமத்ராவின் பெருநகரான மேடானின் குவாலானாமு விமான நிலையத்தை அடையலாம். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு 30 நாள் விசா வந்திறங்கியபின்னும் கிடைக்கும், இணையவழியில் முன்பே பெறவும் முடியும். கடவுச்சீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடிக் காலம் மீதமிருக்க வேண்டும். குவாலானாமுவிலிருந்து பாராபாட் வரை சாலைவழியே நான்கு மணி நேரம் அளவில் ஆகும். பகிர்வு வாகனங்கள் விமான நிலையத்திலேயே கிடைக்கின்றன. இருட்டியபின் தீவுக்குப் பயணியர் படகு கிடையாது என்பதால், பிற்பகலில் மேடானில் இறங்குபவர் அன்றிரவு அந்நகரிலேயே தங்குவது நல்லது. அப்போது, புகையிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வழியினர் வாழும் கம்போங் மட்ராஸ் பகுதியையும், 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிடலாம். நேரத்தைச் சேமிக்க விரும்புவோர் ஜகார்த்தாவிலிருந்து ஏரிக்குத் தெற்கேயுள்ள சிலாங்கித் விமான நிலையத்துக்குப் பறக்கலாம். ஆயினும் முதல் பார்வை படகிலிருந்தே கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பாராபாட்டின் தீகராஜா துறையிலிருந்து சமோசிரின் துக்துக் தீபகற்பத்துக்குச் செல்லும் படகுகள், கேட்டுக்கொண்டால் விடுதியின் படித்துறையிலேயே இறக்கிவிடும். பயணம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வாகனத்தோடு வருவோருக்கு அருகிலுள்ள அஜிபாத்தா துறையிலிருந்து பெரிய படகுகள் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 ஜூன் 18 அன்று தீவிலுள்ள சிமனிந்தோவிலிருந்து எதிர்க்கரையின் தீகராஸ் நோக்கிச் சென்ற சினார் பாங்குன் என்ற படகு, அளவுக்கு மீறிய பயணிகளோடு கவிழ்ந்ததில் நூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர். படகு சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கிடப்பது கண்டறியப்பட்டும் மேலே கொண்டுவர இயலவில்லை. அது ரம்ஜான் விடுமுறைக் காலம். ஆகவே விடுமுறை நாள்களில் நெரிசலான படகைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்; ஏறியவுடன் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு அணிந்துகொள்ளுங்கள்; பிற்பகலில் காற்று வலுக்கக்கூடும் என்பதால் காலைப் படகையே தேர்ந்தெடுங்கள்.

தங்குவதற்குத் துக்துக் வசதியானது. ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நிலநடுக்கோட்டுக்கு அருகே என்றாலும் இரவில் குளிரும். ஒரு கம்பளிச் சட்டை அவசியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிகுதி. ஏரியில் நீந்தலாம், ஆனால் மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகள் உள்ள இடங்களில் தண்ணீர் கெட்டிருக்கும் என்பதால் அவற்றிலிருந்து விலகிய கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

துக்துக்கிலிருந்து மூன்று பழைய ஊர்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றாலும், அம்பரீத்தாவுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அங்குள்ள சியல்லாகன் குடியிருப்பில், தலைவர்கள் கூடி வழக்கு விசாரித்த கல் இருக்கைகள் மரத்தடியில் வட்டமாக அமைந்துள்ளன. குற்றவாளிகளுக்குத் தலை வெட்டும் தண்டனை நிறைவேற்றப்பட்ட விதத்தை வழிகாட்டிகள் சற்று மிகையான உற்சாகத்தோடே நடித்துக் காட்டுவார்கள். தொமோக்கில் சிடபுத்தார் குலத்தலைவர்களின் கல்லறைகளும், சிகாலே-காலே என்னும் ஆடும் மரப்பாவையும் உள்ளன. கல்லறைக்குள் நுழையும்போது தோளில் இட்டுக்கொள்ள உலோஸ் எனப்படும் கைத்தறித் துணியைத் தருவார்கள். அதை மறுக்க வேண்டாம். சிமனிந்தோவில் பழைய தலைவரின் வீடு அருங்காட்சியகமாகியிருக்கிறது. அங்கு மரபு நடனம் காலையில் நடைபெறுவதால் அதற்கேற்பப் புறப்பட வேண்டும். தீவினர் பெரும்பாலும் தோபா பத்தாக் இனத்தைச் சேர்ந்த கிறித்தவர்கள். ஞாயிறு முற்பகலில் அவர்கள் தேவாலயத்தில் இருப்பதால் கடைகள் பல அடைத்திருக்கும். 'ஹோராஸ்' என்று வணங்கினால் முகம் மலர்வார்கள்.

உணவில் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உணவகப் பலகையில் ஆங்கில எழுத்தில் பி2 என்றிருந்தால் பன்றி இறைச்சி, பி1 என்றிருந்தால் நாய் இறைச்சி. சைவ உணவினர் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மிளகாய்ச் சாந்தில் 'தெராசி' எனப்படும் இறால் விழுது கலந்திருக்கும் என்பதால் அதையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். மீன் உண்பவர்கள், நாக்கை மரத்துப்போகச் செய்யும் அந்தாலிமான் மிளகு சேர்த்துச் சமைக்கும் அர்சிக் என்னும் கெண்டைமீன் உணவைத் தவறவிடக் கூடாது.

அடுத்து, மேற்கு நோக்கிய பயணம். வாடகை மோட்டார் சைக்கிளோ காரோ அமர்த்திக்கொள்ளலாம்; தீவின் மேற்குக் கரையிலுள்ள பங்குருரானை அடைந்ததும் மேட்டுநிலத்திலுள்ள சிடிஹோனி ஏரிக்கு ஏறிச் செல்லுங்கள். பெருந்தீவொன்றின் ஏரிக்குள் இருக்கும் தீவின் மேல் மற்றொரு ஏரி என்பதைத் தவிர அங்கே பெரிய காட்சி இல்லை. ஆனால் போகும் வழி முக்கியம். கிழக்குக் கரையில் செங்குத்தாக எழும் தீவு, மேற்கு நோக்கி மெல்லச் சரிந்து இறங்குவதை அந்தச் சாலையில்தான் உணர முடியும். மேலெழுந்த ஏரித்தரை ஒருபுறமாகச் சாய்ந்ததன் விளைவு அது.

பங்குருரானில் தீவு முடிகிறது என்பதும் ஓரளவே உண்மை. சமோசிர் இங்கே ஒடுங்கிய நிலப்பட்டையால் சுமத்ராவோடு இணைந்திருந்தது. டச்சு ஆட்சிக் காலத்தில் தானோ பொங்கோல் கால்வாயை வெட்டி அதைத் தீவாக்கினார்கள். பாலத்தைக் கடந்தால் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள பூசுக் பூஹித் மலை நிற்கிறது. பத்தாக் மக்களின் முன்னோர் தோன்றியதாகச் சொல்லப்படும் இம்மலையும் வெடிப்புக்குப் பின் எழுந்த எரிமலையே. அதன் அடிவாரத்திலுள்ள கந்தக வெந்நீர் ஊற்றுக் குளங்களில் மாலையில் குளிப்பது இதமானது. வெள்ளி நகைகளைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், கந்தகம் அவற்றைக் கறுக்கச் செய்யும்.

மறுநாள் காலையில் மேகம் திரளுமுன் தெலே காட்சிக் கோபுரத்தை அடைந்துவிட வேண்டும். அங்கிருந்துதான் பள்ளத்தின் சுவரும், அதற்குள் தீவும், இடையிலுள்ள நீரும் ஒரே பார்வையில் விளங்கும். சாலை செங்குத்தாகவும் வளைவுகள் நிறைந்தும் இருப்பதோடு மழைக்காலத்தில் மண் சரிவும் ஏற்படுவதால், மலைச்சாலைப் பழக்கமில்லாதவர்கள் ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது நல்லது.

தெலேயிலிருந்து தெற்கே திரும்பினால் சிலாங்கித் விமான நிலையம். வடக்கே சென்றால் சிடிகலாங் வழியாகக் கரோ மேட்டுநிலம். நேரமிருந்தால் வடக்கையே தேர்ந்தெடுங்கள். கரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்னும் உட்பிரிவுகள் இருக்கின்றன. சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூர வணிகத்துக்குப் பெயர்பெற்ற பாருசுக்கு அருகே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதோடு சேர்த்துப் பார்த்தால், இப்பெயர்களைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். தெலேயிலிருந்து அன்றே மேடான் சென்று இரவு விமானத்தைப் பிடிக்க முயல வேண்டாம். மலைச்சாலையில் ஒரு லாரி பழுதடைந்தாலும் கணக்குத் தவறிவிடும். கரோ மேட்டுநில நகரான பிராஸ்தகியில் ஓர் இரவு தங்கலாம். அருகிலுள்ள சினாபுங் எரிமலை 2010 முதல் பல முறை வெடித்துள்ளதால், தடைசெய்யப்பட்ட எல்லை அப்போது எதுவரை என்பதை விடுதியில் கேட்டறிந்த பின்னரே அந்தப் பக்கம் செல்ல வேண்டும்.